ஸ்கோர் இரண்டு

மார்ச் 4

அண்ணிக்கு,

இங்கே நலம் என்று எழுதினால் பொய். அங்கே நலமா என்று கேட்டால் அதுவும் பொய், இப்போதைக்கு எனக்கு அதில் அக்கறை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் தம்பியை உங்கள் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்கிறேன் என்று நீங்களும், அவர் என்ன பார்சலா என்று நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்திக்கொண்டோமே, அதற்குப் பிறகு உங்கள் போனை நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கிற உத்தேசம் இல்லை. போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் அழுவேன், மறுநாள் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குச் சாட்சி இருக்காது. வண்டி விபத்துகளை விசாரிக்கிற இன்ஷூரன்ஸ் ஆபீசில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டுகிறவள் நான். வாயால் சொன்னது ஒன்று, கையெழுத்துப் போட்டது வேறொன்று என்று தினமும் பார்க்கிறேன். அதனால் எழுத்தில் கேட்கிறேன். எழுத்தில் பதில் சொல்லுங்கள். வீட்டு முகவரிக்கு வேண்டாம். பஸ் டிப்போவில் லீவு சொல்லிவிட்டு உங்கள் தம்பி நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். தபால்காரரை வாசலிலேயே மறிக்கிறார். என் ஆபீசுக்கு அனுப்புங்கள்.

நடந்தது இது. இரைப்பையில் இருக்கிற புற்றுக்கட்டியை எடுக்கப் போன வாரம் தேதி குறித்திருந்தார்கள். நான் பையெல்லாம் கட்டி வைத்துவிட்டேன். முதல் நாள் சாயங்காலம் சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்ப வேணாம்மா. ரத்தத்துல அழற்சி அதிகமா காட்டுது. ஸ்கோர் ரெண்டு. முதல்ல கீமோ குடுத்துப் பார்ப்போம். ஆபரேஷன் அப்புறம் யோசிக்கலாம்" என்றார். சொல்லும்போது அவர் கண் என் தோளுக்கு மேலே சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஸ்கோர் ரெண்டுன்னா என்ன டாக்டர் என்றேன். "அது ஒரு கணக்கும்மா" என்றார். கதவு வரைக்கும் வந்தவர் போகிற போக்கில், "உங்க அண்ணிகிட்டயும் பேசிட்டேன்" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார்.

எப்போது பேசினீர்கள்? யார் யாரைக் கூப்பிட்டது? ஆபரேஷனை நிறுத்தச் சொன்னது நீங்களா? என் வீட்டு மனுஷனின் வயிற்றைப் பற்றி எனக்குத் தெரியாமல் இரண்டு பேர் முடிவெடுத்திருக்கிறீர்கள் என்றால், அதில் ஒருவர் டாக்டர், அவரை விட்டுவிடுகிறேன். இன்னொருவர் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் வீட்டுக்காரி


மார்ச் 9

தம்பி மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேள்விகளுக்கு வரிசையாகவே பதில் எழுதுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பாய்.

நான்தான் சர்ஜனைக் கூப்பிட்டேன். இங்கே படித்தவர் அவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். ஆபரேஷனை நிறுத்து என்று நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. நீதான் போனை எடுக்கவில்லை.

ஸ்கோர் என்பது இது. உடம்பில் எங்கேனும் அழற்சி இருந்தால் கல்லீரல் சிஆர்பி என்ற ஒரு புரதத்தை ரத்தத்தில் கூட்டும். எங்கேயோ தீ, ரத்தத்தில் புகை என்று வைத்துக்கொள். ஆல்புமின் என்று இன்னொரு புரதம் உண்டு. உடம்பு நோயோடு மல்லுக்கட்டும்போது அது குறையும். முதலாவது கூடியிருந்தால் ஒரு மதிப்பெண், இரண்டாவது குறைந்திருந்தால் இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் ஸ்கோர் இரண்டு. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, இங்கே பூஜ்யம் வாங்கினவர்தான் கெட்டிக்காரர். ஆபரேஷனைத் தாங்குவார்களா, அதற்குப் பின் எப்படி இருப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்க இது உதவுகிறது. எங்கள் ஆஸ்பத்திரியில் என் வேலையே இந்த மாதிரிக் கணக்குகளைச் சரிபார்ப்பதுதான். இது யாரோ வாய்க்கு வந்தபடி சொல்வதில்லை.

இப்போது என் முறை. ஆல்புமின் ரொம்பவும் குறைந்திருக்கிறது. அவன் என்ன சாப்பிடுகிறான்? எவ்வளவு? தட்டில் வைப்பதைக் கேட்கவில்லை, வயிற்றுக்குள் போவதைக் கேட்கிறேன். யாராவது சொன்னார்கள் என்று பொடி, சூரணம், கஷாயம் எதையாவது கொடுத்து வருகிறாயா? உன் அம்மா போனமுறை ஒரு பாட்டிலோடு வந்ததை நான் பார்த்தேன். கேட்டால் கோபம் வரும் என்று தெரிந்தே கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 14

அண்ணிக்கு,

அந்தப் பாட்டிலில் இருந்தது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். என் தலைக்கு. அனுப்பி வைக்கட்டுமா, சோதித்துப் பாருங்களேன்.

காலையில் இரண்டு முட்டை, பதினோரு மணிக்குப் பால், மத்தியானம் குழைத்த சாதம், சாயங்காலம் சூப். வீட்டில் இருக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன், ஆபீசிலிருந்து போன் போட்டுக் கேட்கிறேன். உங்கள் தம்பி பாதியை மிச்சம் வைத்தால் கெஞ்சுகிறேன், மிரட்டுகிறேன், ஒரு நாள் அழுதுகூடக் காட்டினேன். இதற்கு மேல் வயிற்றைத் திறந்து உள்ளே வைக்க வேண்டுமானால் அதற்குத்தான் சர்ஜன் வேண்டும். அவரையும் நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

நீங்கள் கணக்கு என்கிறீர்கள். நானும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினேன். உங்கள் ஆஸ்பத்திரி வெளியிட்ட கட்டுரை ஒன்று அகப்பட்டது. பெயர்ப் பட்டியலில் நாலாவதாக நீங்கள். உள்ளே ஒரு படம். மூன்று கோடுகள் படிக்கட்டு மாதிரி கீழே இறங்குகின்றன. ஸ்கோர் பூஜ்யம் மெதுவாக இறங்குகிறது. ஸ்கோர் இரண்டு தடதடவென்று உருள்கிறது. ஒவ்வொரு படியும் ஒரு ஆள் செத்ததாம், கீழே எழுதியிருக்கிறது. அண்ணி, அந்தப் படிகளில் எதில் என் வீட்டுக்காரரை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் முந்தைய கடிதத்தில் 'எப்படி இருப்பார்கள்' என்று எழுதினீர்களே, 'எவ்வளவு நாள் இருப்பார்கள்' என்று எழுதக் கை வரவில்லையா?

இன்னொன்று. உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஓடுகிறது என்று எனக்குச் சந்தேகம். அவர் என்னிடம் எதையோ மறைக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கைக்குட்டை துவைத்தறியாத மனுஷன், இப்போது தன் துணியைத் தானே துவைத்து, நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் காயவைத்து மடித்தும் வைத்துவிடுகிறார். டிவியை நின்றுகொண்டு பார்க்கிறார். சாப்பிடும்போதும் அடுப்படி மேடையில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிடுகிறார். ஏன் என்றால், "வருஷம் பூரா சீட்டுல உக்காந்தே ஓட்டியாச்சு, இனிமேலாவது நிக்கிறேனே" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஸ்டீயரிங்கைத் திருப்பவே இல்லை சார் என்று சத்தியம் செய்கிற டிரைவர்களின் சிரிப்பு.

எலும்புக்குப் பரவியிருக்கிறதா? அது உங்களுக்குத் தெரியுமா? அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியுமா?

தம்பி வீட்டுக்காரி


மார்ச் 20

தம்பி மனைவிக்கு,

எலும்புக்குப் பரவவில்லை. ஸ்கேன் படங்களை நானே வாங்கிப் பார்த்தேன், இங்கே இருவரிடம் காட்டினேன். அவனோடு நான் தனியாகப் பேசவும் இல்லை. உன்னிடம் பேச முடியாதபோது உனக்குத் தெரியாமல் அவனிடம் பேசுவது எனக்கே அசிங்கமாக இருந்தது.

சர்ஜனோடு பேசியதை முழுக்க எழுதிவிடுகிறேன். "ஸ்கோர் ரெண்டு வந்திருக்கு. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ பார்த்த அந்தப் படத்தை வரைந்தவள் நான். மூன்றாவது கோட்டுக்கு என்ன நிறம் போடலாம் என்று ஒரு மத்தியானம் முழுவதும் யோசித்திருக்கிறேன். அவர் சொன்னதும் அந்தக் கோடு கண்ணில் வந்தது, வாய் அடைத்துப் போயிற்று. அந்த மௌனத்தை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. அப்படி எடுத்துக்கொண்டிருந்தால், ஆபரேஷனை நிறுத்தியதில் எனக்குப் பங்கு உண்டு என்று நீ சொல்வது சரிதான்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஸ்கேனில் தெரிகிற கட்டிக்கு அவனுடைய சிஆர்பி ரொம்ப அதிகம். வெள்ளை அணுக்களும் கூடியிருக்கின்றன. இந்தப் புகை அந்த அடுப்பிலிருந்துதான் வருகிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சிஆர்பிக்குப் புற்று என்றும் புண் என்றும் பேதம் தெரியாது. சொத்தைப் பல் சீழ் பிடித்தாலும் ஏறும். காலில் ஆறாத புண் இருந்தாலும் ஏறும்.

அவன் ஏன் நிற்கிறான்? வாயைத் திறக்கச் சொல்லிப் பார். பாதத்தைப் பார். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறதா என்று கேள். எங்கேயாவது கட்டி, வீக்கம், சீழ்? குளிர் ஜுரம் விட்டு விட்டு வருகிறதா? கேட்டு எழுது.

அக்கா


மார்ச் 24

அண்ணிக்கு,

கேட்டேன். "பல்லு நல்லாருக்கு. காலு நல்லாருக்கு. உனக்குத்தான் மண்டையில ஏதோ கழண்டுபோச்சு" என்றார். வாயைத் திறந்து காட்டினார். பேட்டரி விளக்கு அடித்துப் பார்த்தேன். உங்கள் குடும்பத்துப் பல், ஆனையையும் மெல்லும்.

இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஆபீசில் மூன்றாவது வண்டி என்று ஒன்று உண்டு. இரண்டு வண்டி மோதியிருக்கும். தப்பு யார் மேல் என்று நெருக்கிக் கேட்டால், "குறுக்கே இன்னொரு வண்டி வந்துச்சு சார், நிக்காம போயிட்டான்" என்பார்கள். அந்த வண்டிக்கு நம்பர் இருக்காது, நிறம் இருக்காது. சர்ஜனிடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன் என்று ஒரு பாராவில் எழுதுகிறீர்கள். அடுத்த பாராவிலேயே சொத்தைப் பல், ஆறாத புண் என்று மூன்றாவது வண்டி வந்துவிடுகிறது. நான் உங்களை நம்பவில்லை.

இந்த மாதக் கடைசியில் கீமோ ஆரம்பிக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தகவலுக்காக எழுதுகிறேன், அனுமதிக்காக இல்லை.

தம்பி வீட்டுக்காரி


மார்ச் 26, கூரியரில்

அம்மாடி,

கோபமெல்லாம் பிறகு வைத்துக்கொள்வோம். உடம்பில் எங்கேயாவது சீழ் தங்கியிருக்கும்போது கீமோ ஏற்றினால், அந்த மருந்து வெள்ளை அணுக்களைக் கீழே தள்ளிவிடும். அப்புறம் அந்தச் சீழைத் தடுக்க ஆளே இருக்காது. ரத்தம் முழுக்கப் பரவிவிடும். புற்றுக்கு முன்னால் அது அவனைக் கொண்டுபோய்விடும். இங்கே வார்டில் நடந்திருக்கிறது.

சர்ஜனிடம் இன்று காலை பேசினேன். இந்தத் தடவை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். "காய்ச்சல் இல்லை, நோயாளி எங்கேயும் வலி இல்லைன்னு சொல்றார், நான் என்ன செய்ய?" என்கிறார். அவர் வயிற்றைத்தான் அமுக்கிப் பார்த்திருக்கிறார். முதுகுப் பக்கம் திரும்பச் சொன்னாரா என்று கேட்டேன். பேச்சை கீமோ தேதிக்கு மாற்றிவிட்டார்.

நீ என்னை நம்ப வேண்டாம். சர்ஜனையும் நம்ப வேண்டாம். அவனை மட்டும் நிச்சயமாக நம்பாதே. உட்கார மாட்டேன் என்கிறவனை, துணியைத் தானே துவைக்கிறவனை, வாயால் கேட்டு என்ன பிரயோஜனம்? சட்டை துணியைக் கழற்ற வைத்து, உன் கண்ணால் பார். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் போகட்டும், என்னைப் பைத்தியக்காரி என்று எழுது, வாங்கிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அண்ணி,

மூன்றாவது வண்டி அகப்பட்டுவிட்டது.

உங்கள் கூரியர் வந்த மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். சாவி போட்டுச் சத்தமில்லாமல் திறந்தேன். அவர் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கதவு தாழ் போடவில்லை, வீட்டில் யாரும் இல்லையே. என்னைப் பார்த்ததும் ஈரத்துண்டை இடுப்பில் இழுத்துச் சுற்றிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"திரும்புங்க."

"எதுக்கு?"

"திரும்புங்கன்னா திரும்புங்க."

"இது என்ன போலீஸ் ஸ்டேஷனா? ஆபீஸ் போகலையா நீ?"

"நீங்க திரும்பலைன்னா பக்கத்து வீட்டைக் கூப்பிடுவேன்."

பக்கத்து வீட்டில் இருப்பது ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் அம்மா. அந்தப் பயத்தில் திரும்பினார்.

வால் எலும்புக்கு மேலே, இரண்டு பக்கமும் சேருகிற இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிச் சிவந்திருந்தது. நடுவில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து சீழ் கசிந்துகொண்டிருந்தது. பழைய யூனிஃபார்ம் சட்டையைக் கிழித்து மடித்துத் திண்டு மாதிரி வைத்துக்கட்டியிருந்திருக்கிறார். அதைத்தான் தினமும் துவைத்தது. வாளித் தண்ணீரின் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

நான் தொட்டதும் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். அவ்வளவு வலி. அவ்வளவு வலியோடு என்னிடம் ஜோக்கடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ரொம்ப நாளாகவே சின்னதாக இருந்ததாம், வருமாம், உடையுமாம், போய்விடுமாம். டிரைவர்களுக்கு வருவது சகஜமாம். இந்தத் தடவை போகவில்லையாம். "ஏங்க சொல்லலை?" என்று கேட்டேன்.

"கட்டி கிட்டின்னு சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுருவாங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

"அதைத்தானே தள்ளிப் போட்டாங்க!"

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. சிரித்துச் சிரித்து, அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் உட்கார முடியாமல் நின்றுகொண்டே என் தலையைத் தடவினார்.

அன்று மத்தியானமே சர்ஜனிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, "நான் திருப்பிப் பார்த்திருக்கணும்" என்றார். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். கீறிச் சீழை எடுத்துவிட்டார்கள். கீமோவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் போகிறது.

உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன். பாதிக்கு மட்டும். சர்ஜனிடம் எனக்குத் தெரியாமல் பேசினது பேசினதுதான்.

வீட்டுக்காரி


ஏப்ரல் 8

அம்மாடி,

பாதி மன்னிப்பு போதும். மீதியை நானும் கேட்பதாக இல்லை.

உன் கடிதத்தை ஆபீசில் படித்தேன். பக்கத்து மேஜைக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். என் தம்பிக்குப் பின்பக்கம் கட்டி என்று எப்படிச் சொல்வது? தூசி விழுந்துவிட்டது என்றேன்.

இப்போதே ஆகாயத்தில் பறக்காதே, அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன். சீழ் போனதும் சிஆர்பி சில நாட்களில் இறங்கும். ஆல்புமின் ஏற வாரக்கணக்காகும். எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் முக்கியம். புகை முழுவதும் அந்தக் கட்டியிலிருந்துதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. இரைப்பையில் இருப்பதும் தீதான். இரண்டு அடுப்பில் ஒன்றை அணைத்திருக்கிறாய்.

இன்னொரு விஷயம். உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது? எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்தக் கட்டுரைக்காக நாங்கள் சேர்த்த நோயாளிகளின் விவரங்களை மறுபடி திறந்து பார்த்தேன். வயது இருக்கிறது, கட்டியின் அளவு இருக்கிறது, சிஆர்பி, ஆல்புமின், இறந்த தேதி எல்லாம் இருக்கின்றன. ரத்தம் எடுத்த அன்று பல்வலி இருந்ததா, புண் இருந்ததா, சளி இருந்ததா என்று ஒரு கட்டம்கூட இல்லை. யாரும் கேட்கவில்லை. ஸ்கோர் இரண்டு என்று போட்டு ஆபரேஷன் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவர்களில், உன்னைப்போல் துண்டை இழுத்துப் பார்க்க ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேர்? அந்த மூன்றாவது கோடு நிஜமாகவே அவ்வளவு வேகமாக இறங்குகிறதா, அல்லது நாங்கள் கைவிட்டதால் இறங்கியதா? இதுவரை நான் என் எண்களைச் சந்தேகப்பட்டதில்லை.

நேற்று வார்டுக்கு இறங்கிப் போனேன். இத்தனை வருஷ வேலையில் நோயாளிகள் படுத்திருக்கும் கட்டில் பக்கம் நான் போனது சொற்பம். ஸ்கோர் இரண்டு வாங்கியவர்களிடம் ஒவ்வொருவராக உட்கார்ந்து, "வேற எங்கயாவது வலிக்குதா? புண்ணு கிண்ணு இருக்கா?" என்று கேட்டேன். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அந்த எண் சொல்வது உண்மைதான், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு அம்மா மட்டும் வாயைத் திறந்து ஈறைக் காட்டினார். வீங்கிப் பழுத்திருந்தது. "பெரிய நோய்க்கு வந்திருக்கோம், இதைப் போய்ச் சொல்வாங்களான்னு விட்டுட்டேன்" என்றார்.

எங்கள் துறைத் தலைவரிடம் சொன்னேன். கட்டுரை வெளிவந்தாயிற்று, இனி என்ன என்றார். நான் விடுவதாக இல்லை. திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்துகிறார்கள். பழகிக்கொள்கிறேன்.

ரிசல்ட் வந்ததும் எழுது. போன் செய்தாலும் எடுப்பேன்.

அக்கா


மே 19

அண்ணி,

போனில் பேசினோம்தான், இருந்தாலும் எழுத வேண்டும் என்று இருக்கிறது. உங்களிடம் எனக்குப் பேச்சைவிட எழுத்து நன்றாக வருகிறது.

சிஆர்பி சரசரவென்று இறங்கியதும், ஸ்கோர் ஒன்றாகக் குறைந்ததும், சர்ஜன் தேதி குறித்ததும் உங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து இரைப்பையில் பாதிக்கு மேல் எடுத்தாயிற்று என்றும் சொன்னேன். நெறிக்கட்டிகளில் சிலவற்றில் புற்று இருந்தது என்று பரிசோதனை வந்திருக்கிறது. எண்ணிக்கையை இதோடு இணைத்திருக்கிறேன். போனில் சொல்லாததற்குக் காரணம், அவர் பக்கத்தில் இருந்தார்.

ஆனால் இனி மறைத்துப் பயன் இல்லை. நான் மறந்து வைத்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க நேற்று ஆபீசுக்கு வந்திருக்கிறார். வரவேற்பில் இருக்கிற பெண், "சார், மேடத்துக்கு அவங்க அண்ணி லெட்டர், நீங்களே குடுத்துடுங்க" என்று நீட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என் முன்னால் போட்டார். பிரிக்கவில்லை.

"எத்தனை நாளா நடக்குது இது?"

ஏதோ கள்ளத்தொடர்பைக் கண்டுபிடித்த மாதிரி. சொன்னேன். ஸ்கோர், கோடு, படிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"நான் ஒரு கட்டியை மறைச்சேன்னு என்னைப் புடிச்சு சுவத்துல நிறுத்துன. நீங்க ரெண்டு பேரும் என்னையே என்கிட்ட இருந்து மறைச்சிருக்கீங்க" என்றார். சத்தமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

இப்போது அவருக்குத் தெரிய வேண்டுமாம். என்னிடம் கேட்க மாட்டாராம், நான் கூட்டிக் குறைத்துச் சொல்வேனாம். "அக்கா பொய் சொன்னா எனக்குத் தெரியும், அவளை எழுதச் சொல்லு" என்கிறார்.

எழுதுங்கள். வீட்டு முகவரிக்கே எழுதுங்கள்.

உங்கள் தம்பி பெண்டாட்டி


மே 25

அம்மாடி,

இதை அவனுக்குப் படித்துக் காட்டு. ஒரு வார்த்தையும் விடாமல்.

தம்பி, உன்னைப்போல் இரைப்பையை எடுத்து, நெறிக்கட்டியிலும் புற்று இருந்து, ஆபரேஷனுக்கு முன்னால் ஸ்கோர் ஒன்று இருந்தவர்கள் எங்கள் கணக்கில் இருக்கிறார்கள். அப்படி நூறு பேரை எடுத்தால் ஐந்து வருஷத்துக்குப் பிறகு நாற்பது சொச்சம் பேர் இருக்கிறார்கள். கீமோவை முடித்து, ரத்தத்தில் அழற்சி மறுபடி ஏறாமல் இருந்தால் அதைவிடக் கொஞ்சம் மேல். ஏறினால் கீழே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பது அதற்காகத்தான்.

இந்த எண் நூறு பேரைப் பற்றிச் சொல்கிறது. உன்னைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது. முன்பெல்லாம் இதைச் சம்பிரதாயத்துக்காகக் கட்டுரையின் கடைசியில் எழுதுவோம். இப்போது அர்த்தம் தெரிந்து எழுதுகிறேன்.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ பயப்படுவாய் என்று நினைக்கவில்லை. சொல்ல எனக்குத்தான் பயமாக இருந்தது.

அக்கா


செப்டம்பர் 6

அண்ணி,

உங்கள் கடிதத்தை அன்றே படித்துக் காட்டியதைப் போனில் சொன்னேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கீமோ, வாந்தி, முடி கொட்டல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒருநாள் சூப் குடித்துக்கொண்டே தானாக ஆரம்பித்தார்.

"நூறு பேர் ஏறுனா நாப்பது பேர் கடைசி ஸ்டாப் வரைக்கும் வர்றாங்க. அவ்வளவுதானே அக்கா சொல்றா?"

"ஆமா."

"டிரைவரைச் சேர்த்தா, சேர்க்காமலா? எந்தக் கண்டக்டரும் டிரைவரைத் தலை எண்ண மாட்டான்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவர் கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். இந்தப் புத்தி என்னை விட்டுப் போகாது.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கப் போயிருந்தோம். கவுன்டரில் இருந்த பெண் ஒட்டின உறையை என்னிடம்தான் நீட்டினாள். எப்போதும் நான்தான் வாங்குவேன். அங்கேயே பிரித்து, முதலில் சிஆர்பி வரியைத் தேடுவேன். நேற்று வாங்கி அப்படியே அவரிடம் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தார். நிதானமாகப் படித்தார். பின்பக்கம் வெறும் தாள், அதையும் திருப்பிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பொய் சொல்கிற முகம், உண்மை சொல்கிற முகம் எல்லாம் பார்த்துப் பழகிய எனக்கு அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. என்னவாம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது.

"டாக்சி வேணாம், பஸ்ல போலாம்" என்றார்.

ஏறினோம். ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். புது டிரைவர் கியர் போடுகிற லட்சணத்தை வழி முழுக்க என் காதில் திட்டிக்கொண்டே வந்தார். நம் ஸ்டாப்பில் இறங்கும்போது அந்தப் பையனின் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார்.

இப்போது குளித்துக்கொண்டிருக்கிறார். சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. பையில் அந்தக் காகிதத்தின் ஓரம் தெரிகிறது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம், அவருக்குத் தெரியவே தெரியாது.

நான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பி பெண்டாட்டி